எல்லா ஊரிலிருந்தும் போன் வந்தது

மே 18, 2006, வியாழன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. மாடியில் சூரத்துக் கோஷ்டி ஆளுக்கு இரண்டு வாளி கேட்கிறது. பசுபதிநாதரைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவர்கள் குளிக்காமல் கோயிலுக்குப் போக முடியாது, நியாயம்தான். அந்த நியாயத்தை லாரிக்காரனிடம் போய் யார் சொல்வது?

சாயங்காலம் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். பாராளுமன்றம் கூடி ராஜாவின் அதிகாரத்தை எல்லாம் பிடுங்கிக்கொண்டதாம். அதன் நடுவில் ஒரு வரி: இனி நேபாளம் இந்து நாடு அல்ல, மதச்சார்பற்ற நாடு. சீரகம் கருகிவிட்டது.

இவர் வாசலுக்குப் போய் எங்கள் லாட்ஜ் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "உலகின் ஒரே இந்து நாட்டுக்கு நல்வரவு." லாட்ஜ் தொடங்கிய வருடம் ஏணி போட்டு இவரே எழுதியது.

"இப்ப இதை என்ன பண்றது?" என்றார்.

"நம்ம கௌசாலா வட்டாரம் முழுக்க உங்க போர்டைப் பார்த்துத்தான் சாமி கும்பிடுதா? உள்ள வாங்க, சோறு ஆறுது."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் சோறு இறங்கவில்லை. ஹோம்நாத் நினைப்பு. என் தம்பி. இருபத்தோரு வயதில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். மதம் மாறினால் ஜெயில் என்றிருந்த காலம். ஒரு வருடம் உள்ளே வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். அப்பா வீட்டில் ஏற்றவில்லை. எல்லை தாண்டிக் காலிம்போங் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனான். அம்மா போனபோதும் வரவில்லை, அப்பா போனபோதும் வரவில்லை. வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு, அதில் அக்காவான எனக்கு "தீதிக்கு" என்று ஒரு வார்த்தை, கீழே அவன் பெயர்.

அவனைத் துரத்திய நாடே மாறிவிட்டது. இந்தச் செய்தி அங்கேயும் கேட்டிருக்கும். நாளைக்குப் போன் பண்ணுவான்.

மே 19, வெள்ளி

காலையிலிருந்து போன், போன், போன், எல்லாம் எங்களிடம் தங்கிப்போன யாத்ரிகர்கள். மொரீஷியஸிலிருந்து ஒருவர்: "கோயிலைப் பூட்டிட்டாங்களா?" பிஜியிலிருந்து ஒரு பெண்: "நாங்க வந்தா உள்ள விடுவாங்களா?" லண்டனிலிருந்து ஒரு டாக்டர், அவருடைய சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கிறதாம், அதை எங்கே அனுப்புவது என்று கேட்டார். லாட்ஜுக்கு அனுப்பினால் நான் என்ன செய்வது?

காலிம்போங்கிலிருந்து இல்லை.

மே 22, திங்கள்

இல்லை.

மே 27, சனி

வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கோயில் தெருவில் ஆள் பிடித்துப் பேட்டி எடுக்கிறார்கள். இவருக்கு யோகம். டெல்லி டிவி வந்தபோது, "எங்க அம்மா செத்தப்பகூட இப்படி அழல" என்று கண்ணைத் துடைத்தார். மாமியார் ஜனக்பூரில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். மறுநாள் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் வந்தாள், மனித உரிமைக்காரி. அவளிடம் இவர், "எல்லா மதமும் சமம்னு நான் அப்பவே சொன்னேன்" என்கிறார். அடுப்படியில் நின்று கேட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன மனுஷன் நீங்க? நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு."

"வந்தவங்க மனசு கோணக்கூடாது. லாட்ஜ் நடத்தறோம்ல."

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கும் வலிக்கத்தான் செய்தது, அதை இங்கே எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சுவர் அளவுக்கு ஒரு உலக வரைபடம் உண்டு. வாத்தியார் கம்பை எடுத்து எல்லா நாட்டையும் தாண்டித் தாண்டி வந்து எங்கள் நாட்டின் மேல் வைப்பார். "உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பார். கடல் கிடையாது, ரயில் கிடையாது, எதுவும் கிடையாது, இது ஒன்று உண்டு. நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். எனக்கு மூன்று வகுப்பு கீழே ஹோம்நாத், ஜன்னலில் தொற்றிக்கொண்டு எங்கள் வகுப்பு பாடத்தை எங்களைவிடச் சத்தமாகச் சொல்வான். ராஜா பிறந்தநாள் ஊர்வலத்தில் கொடி பிடிக்க அடம் பிடித்து அழுதவனும் அவன்தான்.

அந்தப் பெருமையே அவனைப் பிடித்து உள்ளே போட்டது. இரண்டும் உண்மை. இதை டென்மார்க் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 11, ஞாயிறு

கொரியாவிலிருந்து ஒரு கூட்டம் அறை கேட்டு வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நன்றி ஜெபம் நடத்த வேண்டுமாம். இவர், "இங்க முட்டையும் கிடையாது, ஜெபமும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அறை மட்டும் கொடுத்தோம்.

அவர்களில் ஒரு அம்மாள் சரளமாக நேபாளி பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாட்டுக்காக வருஷக்கணக்கா ஜெபம் பண்ணினோம்மா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கு மனசு இளகி, தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பேர் என்ன, எந்த ஜெயில், எத்தனை அடி வாங்கினான், போட்டோ இருக்கிறதா, சபைப் பத்திரிகையில் போட வேண்டும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

போன மாதம் சூரத்துக் கோஷ்டியின் ஜசுபென்னிடமும் இப்படித்தான் வாயைக் கொடுத்தேன். அவர் உச்சுக்கொட்டி, "பாவம், ஏமாந்துட்டான். அவனைத் திருப்பிக் கூட்டிட்டு வர ஒரு சடங்கு இருக்கு, நம்ம ஆளுங்ககிட்ட சொல்றேன்" என்று விலாசம் கேட்டார்.

ஆளாளுக்கு அவன் வேண்டும். அவனுக்குப் பல்லில் சொத்தை இருந்தது, இருட்டென்றால் பயம், அக்ரூட் என்றால் உயிரை விடுவான், இதையெல்லாம் ஒருத்தர் கேட்டார்களா?

ஜூலை 5, புதன்

உலகம் ஓய்ந்துவிட்டது. போன் வருவது எல்லாம் வெந்நீர் உண்டா, லிப்ட் உண்டா என்றுதான். கோயிலில் அதே மணி, அதே கூட்டம், அதே குரங்கு.

இவர் பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டில் மேல் வரியை அழிக்கச் சொன்னார். வெள்ளை அடித்த இடம் பளிச்சென்று தெரிகிறது. ஒரு வாரமாக வந்த விருந்தாளி ஒருவரும் அங்கே என்ன இருந்தது என்று கேட்கவில்லை. இவருக்கு அதுதான் ஆற்றாமை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நாளை தீஜ் விரதம். லாட்ஜ் முழுக்கச் சிவப்புப் புடவை. விரதத்துக்கு முந்தின நாள் பெண்கள் பிறந்த வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும், கூட்டிப்போக உடன்பிறந்தவன் வர வேண்டும். கல்யாணமான முதல் வருடம் ஹோம்நாத் வந்தான். சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்து, பாக்மதிப் பாலத்து மேட்டில் மிதிக்க முடியாமல் இறங்கி, "தீதி, உனக்கு அவங்க வீட்டுல நல்லாத்தான் சோறு போடறாங்க போல" என்று மூச்சு வாங்கினான். அம்மா நெய் வழிய வழியப் பரிமாறினாள். நான் சாப்பிடச் சாப்பிட அவன் என் இலையிலிருந்தும் எடுத்துத் தின்றான். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் கடை.

மாடியில் பெண்கள் பாடி ஆடுகிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் போய் போனை எடுத்துக் காலிம்போங்குக்கு அடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் போய் அழைத்து வந்தார்கள்.

"யாரு?"

"உன் தீதி பேசறேன்."

"யாரு போயிட்டாங்க?" என்றான்.

"யாரும் போகலடா. ஏன் நீ போன் பண்ணல?"

"எதுக்கு?"

"எதுக்கா? ரேடியோ கேக்கலையா? சட்டமே மாறிடுச்சு. மூணு மாசமா உலகத்துல இருக்கறவன் எல்லாம் என்கிட்ட போன்ல அழுதான், சிரிச்சான். நீ ஒருத்தன் பண்ணல."

"தீதி, அந்தக் கேசெல்லாம் தொண்ணூறுலயே தள்ளுபடி ஆயிடுச்சு. எனக்குக் காகிதம்கூட வந்துச்சு."

"அப்ப ஏன் வரல?"

"வந்தேனே. கௌசாலா முக்கு வரைக்கும் வந்தேன். உங்க போர்டைப் படிச்சேன். பேனாஜு எழுத்து அப்பவும் கோணல்தான். ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்."

அக்கா புருஷனை இன்னும் பேனாஜு என்றுதான் சொல்கிறான். தெருமுனையில் டீ குடித்திருக்கிறான். நான் உள்ளே யாருக்கோ படுக்கை விரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"உள்ள வர வேண்டியதுதானே, எருமை."

"யாராவது வான்னு சொல்லணும்ல தீதி. சட்டமா சொல்லும்?"

நான் நாடு மாறக் காத்திருந்தேன். அவன் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்திருக்கிறான். ஐயோ, என்ன ஜென்மங்கள் நாங்கள்.

"வா" என்றேன். "திஹாருக்கு வா. பாய் டிக்காவுக்கு இரு."

"வரேன். ஆனா டிக்கா வெச்சுக்க மாட்டேன். அதை இப்பவே சொல்லிடறேன்."

"முதல்ல வந்து சேரு, அப்புறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. திஹார் தீபாவளியின் கடைசி நாள், உடன்பிறந்தவன் நெற்றியில் ஏழு நிறப் பொட்டு வைத்து அவனுக்கு ஆயுள் கேட்கும் நாள் அது. அன்றைக்கு எதிரே வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தால் தாங்குவேனா? வெளியூரில் இருந்தவரை, கேட்டிருந்தால் வைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்ளவாவது முடிந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

இவரிடம் சொன்னேன். ஆச்சரியமாகக் கத்தவில்லை. போர்டு விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"எழுத்து கோணல்னா சொன்னான்?"

"ஆமா."

"ஏணி ஆடிச்சு. பிடிச்சுக்க ஆள் இல்ல." பிறகு, "டிக்கா வெச்சுக்கலைன்னா நீ அழுவ. நாள் கிழமையும் அதுவுமா அதைப் பாக்க என்னால ஆகாது. அதை மட்டும் அவன்கிட்ட சொல்லி வை" என்றார்.

அக்டோபர் 22, ஞாயிறு

வந்துவிட்டான்.

தலை முழுக்க நரை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அப்பா என்று நினைத்துவிட்டேன், அதே நடை. சொத்தைப் பல் போய்க் கட்டிய பல். பை நிறைய எனக்குக் கம்பளிச் சட்டை. இவரைப் பார்த்ததும், "பேனாஜு, போர்டுல வெள்ளை மட்டும் நேரா அடிச்சிருக்கீங்களே" என்றான். இவர், "அது பெயிண்டர் அடிச்சது" என்று ஒப்புக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள். சாப்பிடும் முன் கண்ணை மூடித் தனக்குள் ஜெபம் சொன்னான். நாங்கள் சோற்றில் கை வைக்காமல் இருந்தோம்.

தெருவெல்லாம் விளக்கு. சின்ன வயதில் வீடு வீடாகப் போய்ப் பாடியதை எல்லாம் பேசினோம். பாட்டு வரிகள் எனக்கு மறந்துவிட்டன, அவனுக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. அங்கே யாரோடு பாடுகிறானாம்? "பாடறதில்ல, சொல்லிப் பாத்துக்குவேன்" என்றான்.

அக்டோபர் 24, செவ்வாய்

பாய் டிக்கா. நல்ல நேரத்தை ரேடியோ சொல்லிவிட்டது. நாடு முழுக்க அந்த வேளையில் அக்கா தங்கைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். ஏழு நிறம், வாடாமல்லி மாலை, அரிசிமாவில் சுட்ட செல் ரோட்டி, அவனுக்காக அக்ரூட். ஹோம்நாத் எதிரே பாயில் உட்கார்ந்தான். அவனைச் சுற்றிக் கடுகெண்ணெய் விட்டேன், எமன் உள்ளே வராத வளையம். தடுக்கவில்லை. மாலை போட்டேன், தலை குனிந்து வாங்கிக்கொண்டான். விரலில் நிறத்தைத் தொட்டு நீட்டினேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். "தீதி, வேண்டாம்."

"ஒரு பொட்டுடா. உன் சாமி ஒரு பொட்டுக்கா கோவிச்சுக்கும்?"

"இதை வெச்சுக்கோ, விட்டுடறோம்னு ஜெயில்ல தினமும் சொன்னாங்க. இதேதான், ஒரு பொட்டு. வெச்சுக்கல. இப்ப வெச்சுக்கிட்டா அந்த ஒரு வருஷம் என்ன ஆகும்?"

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடத்தில் யாரும் சொல்லவில்லை. புரிந்தது, இருந்தும் ஆத்திரம் வந்தது. "அப்ப எதுக்குடா வந்தே?" என்று தட்டை எடுத்துக்கொண்டு வாசலை விட்டு இறங்கிவிட்டேன். இவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. டெம்போ பிடித்து ராணிபோகரிக் குளத்துக்குப் போனேன்.

அந்தக் குளத்து நடுக் கோயிலை வருடத்தில் இன்று ஒரு நாள்தான் திறப்பார்கள், உடன்பிறந்தவர் இல்லாதவர்களுக்காக. அவன் போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நான் அங்கேதான் நிற்கிறேன். என்னைப் போல யாருமில்லாதவர்கள். பழகின வரிசை, பழகின முகங்கள். செருப்பைக் கழற்றினேன். பின்னால் ஒரு கை அதை எடுத்தது. ஹோம்நாத். மாலையைக்கூடக் கழற்றாமல் அடுத்த டெம்போவில் வந்திருக்கிறான்.

"நீ போய்ட்டு வா தீதி. செருப்பு திருட்டுப் போகும், நான் வெச்சிருக்கேன்" என்று கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

வரிசை நகர்ந்தது. பாலத்து வாசலில் ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண், எல்லோரையும் கேட்பது போல என்னையும் கேட்டாள். "உங்களுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லையாம்மா?"

ஒவ்வொரு வருடமும் இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். இன்று தலை ஆடவில்லை.

"இருக்கான்" என்றேன். "அதோ, என் செருப்பை வெச்சுக்கிட்டு நிக்கறான்."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அப்ப நீங்க ஏன் இங்க நிக்கறீங்க? இது இல்லாதவங்களுக்கு. பின்னால பாருங்க, எத்தனை பேரு நிக்கறாங்க."

வரிசையை விட்டு விலகி வந்தேன். அவன் செருப்பைக் கீழே போட்டான், மாட்டிக்கொண்டேன். வீடு வரை நடந்தே வந்தோம். இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மூவரும் சாப்பிட்டோம்.

அவன் நெற்றி வெறுமையாகத்தான் இருக்கிறது. பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.