மை பூசாத விரல்கள்

செப்டம்பர், திங்கள் இரவு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் இன்று தேர்தல்; ஹொல்ம்லியா வாக்குச்சாவடியில் எனக்கு வேலை. தஞ்சம் கேட்டு முகாமில் இருக்கும் மன்னார்க்காரர் ஒருவர் வாசலில் நின்று, வாக்களித்துவிட்டு வருகிறவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி குடிக்க வெளியே வந்தபோது கேட்டார்.

“தங்கச்சி, ஒருத்தருக்கும் மை பூசேல்லையே. ரெண்டாந்தரம் வந்து போட்டால்?”

“இஞ்சை ஆக்களை நம்புவினம், அண்ணை,” என்றேன், பெருமையாக.

அவர் மெல்லச் சிரித்தார். “ஓம். என்ரை கதையைத்தான் நம்பேல்லை. ரெண்டு தரமும் மறுத்துக் கடிதம் போட்டிட்டினம்.”

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? காலையிலிருந்து நான் செய்ததே அடையாள அட்டையை வாங்கி, முகத்தைப் பார்த்து, பட்டியலில் பெயரைக் குறிப்பதுதான். நம்பி ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை.