கௌதமன் படுக்கையில் ஏழுமலை

3-7-68, புதன்

விடியலிலிருந்து தூறல். மாரிகுப்பத்தில் முதல் வண்டி, பங்காருபேட்டையில் மாறி பெங்களூர். அண்ணனும் உடன். சட்டக் கல்லூரியில் சேர்ந்தாயிற்று! பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றதும் குமாஸ்தா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "கல்லுல தங்கம் எவ்ளோ கீதுன்னு ரெண்டு வருசம் சோதன பண்ணினு இருந்தான் சார். போதும்னு வுட்டுட்டான்."

அப்பா இல்லாததால் கார்டியன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. 'கௌதமன்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார், தேதியும் போட்டார். முத்திரை குத்திய நகல் என்னிடம்.

அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணனுக்கு இன்று வார லீவு. அண்ணனுடைய டோக்கனை வாங்கிக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினார். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். வருகை பதிகிற ஜன்னலில் பித்தளை டோக்கனின் நம்பரைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை.

மாலை மாரிகுப்பத்தில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் அண்ணனைப் பார்த்த ஒருவர் அலறிவிட்டார். "டேய், நீ ஆஸ்பத்திரில இல்ல?"

கீழே கல் சரிந்திருக்கிறது. ஏழுமலை அண்ணனின் வலது கை.

வாங்கி வந்த மைசூர்பாகை யாரும் தொடவில்லை.

4-7, வியாழன்

ஆஸ்பத்திரி. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். நினைவில்லாமல் மேலே வந்தவரின் இடுப்பில் அண்ணனின் டோக்கன். ஆகவே படுக்கை அட்டையில் பெயர் கௌதமன். நினைவு வந்த பிறகும் அவர் மறுக்கவில்லை. அண்ணன் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்.

அவர் மனைவி கன்னியம்மா அக்கா, "கௌதமனப் பாக்கணும், நான் தங்கச்சி" என்று சொல்லித்தான் உள்ளே போனாள். கட்டிய புருஷனை அண்ணன் என்று சொல்லிவிட்டு.

எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான். கட்டிலிலோ 'கௌதமன்' நெற்றியில் பட்டை விபூதி. நர்ஸ் அட்டையையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்துவிட்டேன். வெளியே வந்து அழுதேன்.

5-7, வெள்ளி

காகிதத்தில் அண்ணன் படுத்திருக்கிறார், வேலைக்குப் போக முடியாது. ஏ. (ஏழுமலை) அண்ணனோ காகிதத்தில் நலமாக இருக்கிறார், போயே ஆக வேண்டும். அண்ணன் ஏ. அண்ணனின் டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டருகே மேஸ்திரி, "வாப்பா ஏழுமல" என்றாராம். அண்ணன் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

8-7, திங்கள்

முதல் வகுப்பு. ஒப்பந்தச் சட்டம். லேபில் ஒரே கல்லை மூன்று முறை சோதித்து விடை ஒத்துப்போகாவிட்டால் தப்பு நம்முடையது. இங்கே ஒரே கேள்விக்கு இரண்டு தீர்ப்பு, இரண்டும் சரி. தலை சுற்றுகிறது. பிடித்தும் இருக்கிறது.

வாங்க: சீசன் டிக்கெட். பழைய புத்தகம். ஏ. அண்ணனுக்கு ஆரஞ்சு. குடைக் கம்பி.

வீட்டு வாசலில் நாலு பேர் காத்திருந்தார்கள். "வா லாயரே. இதுக்கு ஒரு வழி சொல்லு." தொழிலாளர் சட்டம் மூன்றாம் வருடப் பாடம் என்றேன். "அது வரிக்கும் கைய மடக்கி வெச்சினு இருக்கணுமா?" என்று யாரோ கேட்டார்கள். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

10-7, புதன்

வெயில். புரொபசர்: "'ஊருக்கே தெரியும்' என்று கோர்ட்டில் சொல்லாதீர்கள். யாருக்குத் தெரியும், எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்கள்." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என் பேனா ஓடவில்லை. அண்ணன் அன்று கீழே இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதற்கான காகிதம், அந்த முத்திரை நகல், புத்தகத்துக்குள் இருக்கிறது.

13-7, சனி

ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ். செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து 'காயமடைந்த கௌதமனிடம்' வாக்குமூலம் வாங்குவார். எங்கள் வீட்டில் கூட்டம். கண்டுக்காமல் இருந்துவிடலாம், நஷ்டஈடு கௌதமன் பேரில் வரட்டும், அப்படியே ஏழுமலையிடம் கொடுத்துவிடலாம் என்று ஏகமனதாக முடிவு. ஏ. அண்ணனும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கன்னியம்மா அக்கா கடைசியில்தான் பேசினாள். "வீட்டுக்கு வந்தப்புறம் அவரு யாரு தம்பி? ஏழுமலைக்கு ரெண்டு கையும் கீதுன்னு தான எழுதிகினு கீறாங்க? ஒத்தக் கையோட கீழ எறக்குவாங்களா?"

ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

உண்மை தெரிந்தால் அண்ணனுக்கு வேலை போகலாம். அண்ணன் சம்பளம் இல்லையென்றால் என் படிப்பு இல்லை. இதை எழுதவே கூசுகிறது. அவர் கை போயிருக்கிறது, நான் கல்லூரியைப் பற்றி யோசிக்கிறேன்.

15-7, திங்கள்

கல்லூரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து, கால்கூடக் கழுவாமல் கேட்டார். "அன்னிக்கி நான் கையெழுத்து போட்ட காயிதம் எங்கடா?"

"காலேஜ்லயே கீதுண்ணா."

"நகலு குடுத்தாங்களே."

"தொலஞ்சிடுச்சி."

பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி வுடு. நம்ம வாய் வார்த்தய யாரு நம்பப் போறாங்க" என்று குளிக்கப் போய்விட்டார். ஆக, உண்மையைச் சொல்லிவிட அவர் முன்பே முடிவு செய்திருக்கிறார். நான் பொய் சொன்னேன். வக்கீல் ஆகுமுன்பே.

16-7, செவ்வாய்

மழை. வார்டில் அதிகாரி, குமாஸ்தா, நாற்காலி. அண்ணன் வேலைக்குப் போகாமல் வந்து வாசல் ஓரமாக நின்றிருந்தார், கையில் ஏ. அண்ணனின் டோக்கன். அதிகாரி "கௌதமன்?" என்று கேட்டார். ஏ. அண்ணன் இடது கையைத் தூக்கினார். மெலிந்து போயிருந்தது அந்தக் கை.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. நகலை அதிகாரியின் எழுதுபலகைமேல் வைத்தேன்.

"நீ யாருப்பா?"

"கௌதமனோட தம்பி சார்."

கட்டிலைக் காட்டினார். "இவருடைய தம்பியா?"

"இல்ல சார். அதோ நிக்கிறாரே, அவரோட தம்பி."

ஏ. அண்ணன், "டேய், வேணான்டா, வேணான்டா" என்றார். அண்ணன் உள்ளே வந்து டோக்கனைப் போர்வைமேல் வைத்தார். "உன்னுது, வெச்சிக்கோ." பிறகு அதிகாரியிடம் எல்லாவற்றையும் தானே சொன்னார், மேஸ்திரி பெயரைத் தவிர.

அதிகாரி கையெழுத்தையும் தேதியையும் நெடுநேரம் பார்த்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சட்டம். எத்தனாவது வருஷம்? "ஒரு வாரம் ஆச்சு சார்." குமாஸ்தா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. நான் சொன்னதையும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். என் பெயருக்குப் பக்கத்தில் 'சாட்சி'.

வரும் வழியில் அண்ணனிடம், தொலையவில்லை என்று சொன்னேன். "அதான் பாத்தனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

18-7, வியாழன்

அண்ணன் சஸ்பெண்டு. விசாரணை முடியும்வரை. வேலை இருக்குமா, தெரியாது. ஏ. அண்ணனும் டோக்கன் தப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் காயம் அவர் பெயரில் பதிவாகிவிட்டது, மேலே உட்கார்ந்து செய்கிற வேலைக்கு எழுதுகிறார்களாம். அண்ணி பேசவில்லை. லைனில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறார்கள்.

மாலை ஆஸ்பத்திரி. அட்டையில் கௌதமனை அடித்துவிட்டு 'ஏழுமலை' என்று எழுதியிருக்கிறார்கள். கன்னியம்மா அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

"படி தம்பி."

படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

19-7, வெள்ளி

தூறல். கல்லூரிக்கு இனி போவதில்லை, லேபிலேயே திரும்ப வேலை கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்து போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். யாரோ போர்வையை இழுத்தார்கள். அண்ணன். கையில் என் குடை, கம்பி கட்டியிருந்தது.

"எழுந்துர்றா. வண்டி போயிடும்."