காருக்கு மட்டும் காங்கிரீட் கூரை

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கூப்பிட்டால் காரைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் 'ம்' என்பீர்களே, அந்த 'ம்' இனி வராது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கூப்பிடுகிறேன். நமக்குள் ஒரு சண்டை பாதியில் நிற்கிறது.

முதலில் சேதி. உங்கள் வெள்ளைக் காருக்கு ஆள் வந்தாயிற்று. சூலூரிலிருந்து ஒரு வாத்தியார், வருகிற புதன்கிழமை எடுத்துப் போகிறார். என்ன விலைக்குக் கேட்டார் என்று சொல்ல மாட்டேன், நீங்கள் தாங்க மாட்டீர்கள். அதே வாரத்தில் இடத் தரகர் ஒருவர் வந்து நம் ஓட்டு வீட்டை மனையோடு விலைக்குக் கேட்டார். அந்த விலையில் மூன்று புதுக் கார் வாங்கலாமாம்.

தொண்ணூற்று மூன்றில் கார் வந்த அன்று, வீட்டை மனையோடு விற்றாலும் இந்தக் காரை வாங்க முடியாது என்று என் அண்ணன் வாசலில் நின்று சிரித்தது நினைவிருக்கிறதா? நீங்களும் பெருமையாகச் சிரித்தீர்கள். இப்போது எல்லாம் தலைகீழ். வீடா காரா என்ற வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததைச் சொல்லிக் காட்டத்தான் ஆள் இல்லை.

நம் வீதியே ஒரு வேடிக்கைதான். எதிர்வீட்டு மில்காரர் மாடி வீட்டிலிருந்து இறங்கி டவுன் பஸ்ஸுக்கு ஓடுவார். நாம் ஒழுகுகிற ஓட்டு வீட்டிலிருந்து குனிந்து வெளியே வந்து காரில் ஏறுவோம். கேட்டால், நம் பட்டறைக்கு ஆர்டர் கேட்டுப் பம்ப் கம்பெனிக்குச் சைக்கிளில் போனால் வாட்ச்மேன் கேட்டையே திறப்பதில்லை என்பீர்கள். நம் வீட்டை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றும் கேட்பீர்கள்.

வந்தார்களே, பார்க்க. நம் சுமதியைப் பெண் பார்க்க வந்தவர்களைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காரில் அழைத்து வந்தீர்கள். நிழலுக்காக எதிர்வீட்டு மரத்தடியில் நிறுத்திவிட்டு, கதவுகளைப் பூட்ட நின்றீர்கள். அதற்குள் அவர்கள் மூன்று பேரும் நேராக எதிர்வீட்டு கேட்டைத் திறந்து, படியில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்தேவிட்டார்கள். மில்காரர் சம்சாரம் பாவம், யாரென்று தெரியாமலே தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நான் நம் வாசற்படியில் தட்டோடு நிற்கிறேன், பின்னால் சுமதி பட்டுப்புடவையில் நிற்கிறாள்.

நீங்கள் போய்க் கூட்டி வந்தீர்கள். அந்தப் பெரியவர் நம் கூரையை அண்ணாந்து பார்த்தபடி, "காரப் பாத்துப்போட்டு அதுதான் ஊடுன்னு நெனச்சுட்டமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். காபி குடித்தார்கள். சேதி சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்களிடமிருந்து சேதியே வரவில்லை.

அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "அந்தக் காருக்கே ஒரு மாப்பிள்ளையப் பாருங்க. எம்புள்ள ஊடு இல்லாதவ." இரண்டு சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன். நீங்கள் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டீர்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதற்கு அடுத்த மாசம் என்ன செய்தீர்கள்? தார்ப்பாய்க்கு அடியில் நின்ற காருக்கு, வீட்டை ஒட்டி ஷெட் கட்ட ஆரம்பித்தீர்கள். நமக்கு ஓடு, காருக்குக் காங்கிரீட். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பழனி மேஸ்திரிக்கு ஒரு வாய் டீ கூடப் போட்டுக் கொடுக்கவில்லை. சுமதிக்குச் சத்தியமங்கலத்தில் நல்ல இடம் அமைந்து, கல்யாணம் முடிந்த பிறகும் அந்த ஷெட்டைப் பார்த்தால் எனக்கு முகம் சுருங்கும். ஒருநாள் காலையில் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று ஆள் வந்து சொல்லும்வரை, அந்தக் கோபம் எனக்குள் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வரச் சொன்னேன். கார் போகப் போகிறது, ஷெட்டை இடித்துவிட்டு, வருகிற பணத்தில் வீட்டு ஓடுகளையாவது மாற்றிக் கொடுங்கள் என்றேன். அவர் ஷெட்டைச் சுற்றி ஒரு நடை வந்து என்னையே பார்த்தார்.

"இதை எதுக்குங்கம்மா இடிக்கறீங்க? இது உங்க ஊட்டு மொத ரூமுங்க."

எனக்குப் புரியவில்லை. காருக்கு எதற்கு அத்தனை ஆழமாக அஸ்திவாரம் என்று கேட்டார். நான் துணி காயப் போடுகிறேனே, கூரை மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், அவை மாடி கட்ட விட்டவையாம். பிறகு ஷெட்டின் சமையற்கட்டுப் பக்கத்துச் சுவரில் ஓரிடத்தில் பூச்சுக் கரண்டியால் சுரண்டினார். உள்ளே சிமெண்ட் இல்லை, வெறும் செம்மண். மேலே வாசல் நிலைக்கு வேண்டிய லிண்டல் கட்டை போட்டிருக்கிறது. நாளைக்குச் சுலபமாகப் பெயர்த்து எடுத்து வாசல் வைக்கத்தான் மண்ணில் அடைத்தார்களாம். வருஷத்துக்கு ஒரு ரூம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தீர்களாம். அடுத்த ரூமுக்குத்தான் வருஷம் கிடைக்கவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மேஸ்திரியிடமே கேட்டேன். அவர் சொன்னார். "அவருதானுங்க சொல்ல வேண்டாம்னாரு. 'சொல்லிப்போட்டுக் கட்ட முடியாமப் போனா அவ மூஞ்சியப் பாக்க முடியாதுங்க மேஸ்திரி'ன்னாரு. அப்பறம் நானாவது சொல்லலாம்னா, துக்கத்துக்கு வந்த எடத்துல பேசற பேச்சுங்களா இது?"

அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

கட்ட முடியாமல் போயிருந்தால் மட்டும் என்னங்க? நான் கொஞ்சம் முனகியிருப்பேன், அவ்வளவுதானே. என்னிடம் சொல்ல அவ்வளவு பயமா உங்களுக்கு? இல்லை, நான் பேசிய அந்த ஒரு பேச்சா?

இடிக்கவில்லை. புதன்கிழமை கார் போகும், வியாழக்கிழமை செம்மண் சுவரைப் பெயர்த்து வாசல் வைக்கிறார்கள். காசு வரவர மற்ற ரூம்களும் வரும். சுமதி குழந்தையோடு வந்தால் இனி ஒழுகாத இடத்தில் படுப்பாள்.

மேஸ்திரி எல்லா இடத்திலும் டைல்ஸ் ஒட்டுவதாகச் சொன்னார். ஒட்டட்டும். ஆனால் கார் நின்ற இடத்தில் தரையில் கையகலத்துக்கு ஆயில் கறை ஒன்று இருக்கிறது. அதை மட்டும் மூட விட மாட்டேன். வருகிறவர்கள் என்ன கறை என்று கேட்டால், எங்க ஊட்டுக்காரர் இங்கேதான் வீடு கட்ட ஆரம்பித்தார் என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
வீடு இருக்கிற உங்கள் வீட்டுக்காரி
சரசு