அம்மாவின் மணிக்கட்டு வலி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை என்று எழுதத்தான் இருந்தேன், ஆனால் அந்த மணிக்கட்டும் ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்பது போன வாரம் தெரிந்துபோனது. அந்தக் கதைக்கு வருகிறேன். நீ அங்கே குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே கிளம்பமாட்டாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும். போனில் பேசலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் ஒரு விஷயத்தையாவது முழுசாகச் சொல்லி முடிக்கலாம் என்று காகிதத்தை எடுத்தேன். நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொல்லியிருக்கிறார்கள், அதையும் நம்புகிறேன்.

கிளப்பில் இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், போடவா, இல்லை மட்டையை மூட்டை கட்டிவிட்டு வந்து மாமாவின் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்காரவா என்று நீ போனில் கேட்டாயே, அன்றிலிருந்து வீட்டில் பஞ்சாயத்துதான். நான் மாமா கட்சி. ஆசைக்கு டேபிள் டென்னிஸ் ஆடுவது வேறு, அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வது வேறு, நான் என்ன சோபா மேல் ஆசைப்பட்டா சோபா தைக்க வந்தேன், ஆசைப்படாமல் வந்ததால்தான் இத்தனை வருஷமாகச் சண்டை சச்சரவு இல்லாமல் சோபாவும் நானும் காலம் தள்ளுகிறோம் என்று சொன்னேன். அன்றைக்கு நீ இன்னொன்றும் சொன்னாய், நினைவிருக்கிறதா, இந்த சீசனில் உன்னை ஒரு மேட்சிலும் இறக்கவில்லை, கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் பழகிக்கொள்வதற்காக அடுத்து வரப்போகும் எதிராளி எப்படி ஆடுவானோ அப்படியே நீ ஆடிக் காட்ட வேண்டும், ஒரு வாரம் இடதுகைக்காரன், ஒரு வாரம் வெறுமனே தடுத்துக்கொண்டே இருப்பவன், வாரத்துக்கு ஒரு வேஷம் என்றாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் பொதுவாகவே நான் சிரிக்கும் இடத்தில் சிரிக்கமாட்டாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் மெஷினில் உட்கார்ந்து குஷன் கவர் தைத்துக்கொண்டே, 'தெரியாத விஷயத்துல நாம ரெண்டு பேரும் அவனுக்கு யோசனை சொல்ல வேண்டாம், நானே சம்பளத்துக்கு ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்' என்றாள். நீ சின்ன வயதில் அவளோடு ஆடிய அதே டேபிள் டென்னிஸ் ஹாலில், புது மெம்பர்களோடு ஆட ஆள் வேண்டும் என்று மேனேஜர் ரொம்ப நாளாகவே அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிட்டாள். சிவப்பு டீ ஷர்ட்டும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். இந்த ஆட்டத்தில் விசில் எதற்கு என்று கேட்டேன், சம்பளம் கொடுப்பவர்கள் கழுத்தில் மாட்டினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். கொஞ்ச நாள் பெரிய உற்சாகம், கண்ணாடி முன்னால் நின்று டீ ஷர்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு உற்சாகம் வடிந்தது, பிறகு மணிக்கட்டு வலி வந்தது. ஹாலுக்கு லீவு. கை வலிப்பவளைத் தைக்கச் சொல்ல முடியுமா, கவர் எல்லாம் நானே தைத்தேன். தினமும் தைலம் தேய்த்து, கட்டுத்துணியை நானே சுற்றிவிட்டு, இறுக்கமா இருக்கா, தளர்த்தவா என்று கேட்டுக் கேட்டுச் செய்தேனடா. தெரு முனைப் பல் டாக்டரின் சோபாவுக்கு நான் போட்ட தையலைப் பார்த்துவிட்டு அவர், 'இதுக்கும் கம்பி கட்டணும் போலிருக்கே' என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்காக இந்த அவமானத்தையும் பட்டேன்.

இதற்கிடையில் நம் கடைக்கு ஸ்பாஞ்சு கொண்டுவரும் வண்டிக்காரர், எப்போதாவது எட்டிப் பார்ப்பவர், அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒரு நாள் ஒரு ஷீட், ஒரு நாள் அரை ஷீட், ஒரு நாள் தலையணை அளவுக்கு ஒரு துண்டை நீட்டி, 'இது விட்டுப்போச்சுண்ணே' என்றார். மனிதருக்கு என்ன பொறுப்பு என்று வியந்துகொண்டிருந்தேன். போன வாரம் ஒரு வீட்டில் சோபா அளவெடுக்கக் கிளம்பினவன், அளவு டேப்பையே கடையில் விட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே டொக் டொக் என்று சத்தம். குனிந்து பார்த்தால் என் வெட்டுமேசையின் நடுவே குஷன்களை வரிசையாக நிறுத்தி வைத்து அந்தப் பக்கம் வியர்த்து வழிய வண்டிக்காரர், இந்தப் பக்கம் உன் அம்மா. நான் காலையில் சுற்றிவிட்ட கட்டு அப்படியே கையில் இருக்கிறது, அந்தக் கையால்தான் அடிக்கிறாள், பந்து கண்ணுக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் வண்டிக்காரர்தான் பதறினார். இவள் அசையவில்லை, 'இருங்க, ஒரு பாயிண்ட்தான் பாக்கி' என்று சொல்லி அதையும் முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். அந்த மனிதர் வெளியே போகும்போது, 'அக்கா இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூடத் தரலைண்ணே, ஆனா நாளைக்கு நிச்சயமா எடுத்துடுவேன்' என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கோபப்படலாம் என்றுதான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், அதற்குள் அவளே கொட்டிவிட்டாள். ஹாலில் அவளுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா, தோற்பது. மெம்பர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனால்தான் மறுபடி வருவார்கள், அதனால் நெருக்கமாக ஆடிக் கடைசியில் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் நைசாகச் சொல்லியிருக்கிறார். யாரிடம் போய்ச் சொல்கிறார் பார். மேசைக்கு மேலே உன் மூக்கு மட்டும் தெரிகிற வயதில்கூட உன்னை ஜெயிக்க விடாதவள் அவள். நீ அழுதுகொண்டு வருவாய், ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் சண்டை போடுவேன், 'அவன் ஜெயிக்கற அன்னைக்கு அது அவன் ஜெயிச்சதா இருக்கணும்' என்பாள். அப்படிப்பட்டவள் பல்லைக் கடித்துக்கொண்டு, உனக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகத் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். அதில் ஒரு டயர் கடைக்காரர், தொடர்ந்து ஜெயித்து ஜெயித்துத் தலைகால் புரியாமல் போய், ஒரு நாள் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, 'மேடம், உங்க பேக்ஹேண்ட் கொஞ்சம் வீக், பொறுமையா கத்துக்குங்க, வந்துடும்' என்றாராம். அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் அவருக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. அவர் மேனேஜரிடம் போக, மேனேஜர் இவளிடம் வர, இவளுக்கு மணிக்கட்டு வலி வந்துவிட்டது. வேலையை விட்டேன் என்று சொன்னால் நான் மாமா கட்சி ஜெயித்தது என்று கூத்தாடுவேனாம், அதனால் வலியாம்.

நான் கூத்தாடவும் செய்தேன், மறைப்பானேன். பார்த்தாயா, சம்பளம் என்று வந்ததும் ஆட்டம் கசந்துவிட்டது, இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன், அவனை வரச் சொல்லி எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டே, 'சம்பளம் கசக்கலைங்க, தோத்துக் கொடுத்ததுதான் கசந்துச்சு. அந்த வண்டிக்காரரைப் பாத்தீங்களா, தினமும் தோக்கறாரு, தினமும் ஓடி வராரு. உங்க பையன் அங்க நாள் முழுக்க யாரோ மாதிரி ஆடறான். அவன் ஆட்டத்தை அவன் ஆடி எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க' என்றாள். நீ முதன்முதலாக அவளை ஜெயித்த அன்று செருப்பை ஹாலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடி வந்தாயே, அந்த முகம்தான் என் கண்ணில் வந்தது. தோற்றவள் உன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. போனில் வாரத்துக்கு ஒரு வேஷம் என்று நீ சிரித்தாயே, அது அந்தச் சிரிப்பு இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, எனக்குச் சோபா தைத்துத் தைத்துக் காது மந்தமாகிவிட்டது.

ஆகவே நானும் மாமா கட்சியிலிருந்து விலகிவிட்டேன், அம்மா கட்சியிலும் சேரவில்லை, ஏனென்றால் அவள் போடு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நாங்கள் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெரிய ஆட்டக்காரரிடம் ஒரே ஒரு ஆட்டம் கேள். இடதுகைக்காரனாக இல்லை, தடுப்பவனாக இல்லை, நீயாக. அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கிளப்புக்குப் பிடிக்கவில்லை என்றால் அது என்ன மாதிரிக் கிளப் என்று மூன்று வருஷம் வீணாவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டதாக இருக்கட்டும். ஆடி முடித்த பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும், நாளைக்கு இன்னொரு ஆட்டம் கிடைக்குமா என்று உன் மனசு கேட்டால் அங்கேயே இரு, சம்பளம் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். கேட்கவில்லை என்றால் மாமாவின் ஆபீஸில் ஜன்னலோர நாற்காலி இருக்கிறது, அதற்குக் குஷன் நான் போட்டுத் தருகிறேன், தையல் அம்மாவுடையது. அவளும் ஹாலில் டீ ஷர்ட்டையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் வெட்டுமேசையில் குஷனுக்குப் பதிலாக இப்போது அந்தக் கட்டுத்துணிதான் வலை, அளவு அப்படியே பொருந்திவிட்டது. எனக்கும் ஒரு மட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், நானும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்திருக்கிறேன், அதுவும் பந்து பசை டப்பாவில் பட்டுத் திரும்பியதால் வந்தது, அவள் செல்லாது என்கிறாள்.

நீ எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நல்லபடியாக இருப்பாய், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு உண்டு. வேளைக்குச் சாப்பிடு. ஈர சாக்ஸைப் பைக்குள் வைத்து மூடாதே. மாமாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லிவிடாதே, நான் கட்சி மாறியது அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உன் முடிவுக்காகக் காத்திருக்கும்
அப்பா

அவர் எழுதினதை எல்லாம் படித்தேன், பந்து டப்பாவில் பட்டது செல்லாதுதான். அந்த ஆளை ஜெயிச்சுட்டு போன் பண்ணு. தோத்தாலும் பண்ணு. தோத்துக் கொடுத்துட்டு மட்டும் பண்ணாதே.
அம்மா