அந்தப் படத்தை யார் எடுப்பது?

8 ஜூலை 2025, செவ்வாய்
இணைய நிர்வாகக் கூட்டம், மூன்று மணி நேரம், திரையில். அரசு, நிறுவனங்கள், பொறியாளர்கள், பயனாளர்கள் எல்லோரும் சமமாக உட்கார்ந்து இணையத்துக்கான விதிகளை முடிவெடுக்கும் முறை. ஆறு வருடமாகப் பயனாளர் பக்கத்தில் நான். கோவில்பட்டியிலிருந்து நான் ஒருத்திதான். பேசக் கிடைத்தது இரண்டு நிமிடம். தலைவலி.

10 ஜூலை
பொன்மணி ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. இரண்டாம் ஆண்டு, நாகலாபுரத்துப் பெண். இன்று அவள் அம்மா சுப்புத்தாய், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்கே வந்துவிட்டார். யாரோ பொன்மணியின் முகத்தை ஆபாசமாக வேறொரு உடம்பில் ஒட்டி, சமூக வலைத்தளத்தில் அவள் பெயரிலேயே கணக்குத் தொடங்கிப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஊரே பார்த்தாயிற்று.
"படிச்சது போதும்னு அவ அப்பா சொல்லுதாவ, மிஸ். நீங்கதான கம்ப்யூட்டர் டீச்சர், எடுத்துக் குடுங்க."
எடுத்துவிடலாம் என்றேன். எந்தத் தைரியத்தில்?

11 ஜூலை
அந்த வலைத்தள நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். விதிமீறல் இல்லை என்று ஐந்து நிமிடத்தில் பதில். மனுசன் பாத்தானா அத?

16 ஜூலை
காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். நிறுவனம்தான் எடுக்க வேண்டுமாம். நிறுவனமோ காவல்துறை வழியாக வரச் சொல்கிறது. இணைய நிர்வாகக் கூட்டத்தை நடத்தும் குழுவுக்கு எழுதினேன். கொள்கைதான் பேசுவோம், தனிப்பட்ட புகார்களை எடுப்பதில்லை என்று மரியாதையான பதில்.
எல்லாரும் இருக்காவ. ஒருத்தரும் இல்ல.

17 ஜூலை
படம் இன்னும் இருக்கிறது.

22 ஜூலை
வெட்கத்தை விட்டு செண்பகராஜை அழைத்தேன். கூட்டங்களில் பழக்கமான பொறியாளர். அந்த நிறுவனத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. நாற்பது நிமிடத்தில் படம் போய்விட்டது. பன்னிரண்டு நாள் அலைந்தேனே! அழுகை வந்தது – நிம்மதியா, கோபமா?

4 ஆகஸ்ட்
பொன்மணி வந்தாள். கடைசி பெஞ்சு.
நடந்ததை, எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கும் முறையின் வெற்றியாக எழுதித் தரச் சொல்லி, செண்பகராஜ் மூலம் விஷயம் தெரிந்த கூட்டக் குழு கேட்கிறது. அவளிடம் சம்மதம் கேட்டேன்.
"எழுதுங்க மிஸ். உங்களுக்கு அவியளத் தெரியும், எடுத்தாவ. தெரியாதவிய என்ன செய்வாவ? அதையும் சேத்து எழுதுங்க."
எழுதினேன்.

14 அக்டோபர்
கூட்டக் குழுவின் அறிக்கை வந்தது, எழுபது பக்கம். வெற்றி இருக்கிறது, பொன்மணியின் கேள்வி இல்லை. நானும் சண்டைக்குப் போகவில்லை, சலித்துவிட்டது. ஆனால் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் செண்பகராஜை எனக்கு எப்படித் தெரியும்? அப்பம் அந்தக் கூட்டம் வேல செஞ்சுதா, இல்லையா?

19 நவம்பர்
அடுத்த வருடக் கூட்டத்தில் கலந்துகொள்ள என் பெயரைத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் போடவில்லை.
மதியம் பொன்மணி ஆசிரியர் அறைக்கு வந்தாள். பின்னால், துப்பட்டாவால் முகத்தை மூடிய ஒரு பெண். விளாத்திகுளம், வேறு கல்லூரி. இதே மாதிரிப் படத்துக்காக வந்தவர்களில், இந்த மாதத்தில் இவள் மூன்றாவது. பொன்மணியே நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.
நான் செண்பகராஜை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.