கன்னத்தில் ஒட்டிய மை

கேப் டவுன்

அன்புள்ள எஸ்னாத்,

நீயும் நம் மகன் லிம்பானியும் நலந்தானே? எனக்கு உடம்பு நலம், மானம்தான் நலமில்லை. நேற்று பழைய மருத்துவ இதழின் மேலேயே தூங்கி, கன்னத்தில் அச்சு மையோடு எழுந்தேன்.

"என்னப்பா, ஆராய்ச்சிய மூஞ்சியிலயே ஏத்திக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள் கூட வேலை செய்யும் ஸோலேகா.

எதுவும் விட்டுப்போகாமலிருக்க, நாங்கள் இருவரும் ஒரே இதழைத் தனித்தனியாகப் புரட்டி, மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளைக் குறிப்போம். முடியும்வரை ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது.

முகத்தைத் துடைத்துவிட்டுப் புரட்டினால், லிம்பானியின் வலிப்புக்கு நாம் கொடுக்கும் அதே மருந்து. அதைக் குடித்த பிள்ளைகளுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கப்பட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லையாம். பார்க்காததுபோல் தாண்டிவிட விரல் துடித்தது. ஆனாலும் குறித்துவிட்டேன்.

மாலையில் ஒப்பிட்டோம். அவளும் குறித்திருந்தாள்.

"இது ஒண்ணு போதாதுப்பா, எல்லாத்தையும் தேடிச் சேர்த்தாத்தான் முடிவு தெரியும். உங்களுக்குத் தெரிஞ்ச யாராச்சும் இத குடிக்கிறாங்களா?"

எஸ்னாத், மருந்தை நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் கேள். ஊரிலிருந்து இங்கு வரும் பஸ்ஸில் கொஞ்சம் உசிபா கருவாடு அனுப்பு. இங்குள்ள மீனுக்கு நம் ஏரியின் வாசனை இல்லை. இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவரப் போகிறவர் வாசலில் அவசரப்படுத்துகிறார்.

ஸோலேகா கேட்டதற்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுத்த இதழை எடுத்தேன். "என் மகன் குடிக்கிறான்" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

உன் யோஹானே