நாவல் மரத்துக்கு வந்த சாமி

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

குந்தா பஸ் திரும்பும் வளைவில் நிற்கும் நாவல் மரத்தை, சாலையை அகலப்படுத்த இன்று வெட்டுவதாக இருந்தது. நேற்று முழுக்க நான் புலம்பினேன். வனதேவதை குடியிருக்கிற மரம், பாவம் சும்மா விடாது என்றேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மரத்துக்குள்ள சாமியுமில்ல, பூதமுமில்ல அம்மிணி. அதுவும் நம்மளாட்ட ஒரு உசுரு. அது போதாதா?"

கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்குள் வராமல் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மனுஷன் வேறென்ன சொல்வார்!

காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்ததும் நானும் ஓடினேன். அவர்கள் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டார்கள். அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்திருந்தது; கீழே மூன்று எலுமிச்சம்பழங்களும் இருந்தன.

"சாமி மரமுங்க. நாங்க கை வைக்க மாட்டோமுங்க" என்று மேஸ்திரி கும்பிட்டுவிட்டு ஆட்களோடு போய்விட்டார்.

எனக்குப் புல்லரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். துணியின் ஓரத்தில் பச்சைக் கரை தெரிந்தது. அவருடைய பழைய வேட்டி. வீட்டுக்கு வந்து பார்த்தால் மஞ்சள்தூள் டப்பா பாதி காலி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரின் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"ஏனுங்க, பாத்தீங்களா? சாமி இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்று தலை நிமிராமல் ரசஞ்சோற்றைப் பிசைந்தார்.

மரம் வெட்ட மறுபடி எப்போது வருவார்களோ தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மரத்தடியில் விளக்கு வைக்கப் போகிறேன். அவரையும் கூட்டிப்போவேன். யாரைக் கும்பிடுகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.